காக்கா ஓட்டின சினிமா

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம். டிவியில் ஏதோ ஒரு அறுபதுகளின் கருப்பு வெள்ளைப் படம். அம்மா வழக்கம்போல நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. பார்க்கிறதுக்கு இல்லை, கேட்கிறதுக்கு. மூணு வருஷமா அம்மாவுக்குக் கண் ரொம்ப மங்கிப் போச்சு. வெளிச்சம் தெரியும், ஆள் நடமாட்டம் தெரியும், அவ்வளவுதான். ஆனா பழைய படம்னா ஒரு கஷ்டமும் இல்லை. குரலை வச்சே ஆளைச் சொல்லிடுவாங்க, அடுத்து என்ன பாட்டுன்னும் சொல்லிடுவாங்க.

அன்னிக்குத் திடீர்னு கேட்டாங்க. "டேய், இவங்க ரெண்டு பேரும் எங்கடா நின்னு பேசறாங்க?"

ஸ்கிரீனைப் பார்த்தேன். "ஆத்தங்கரைம்மா."

"ஆத்தங்கரையா? தண்ணிச் சத்தமே காணோம், ஒரு காக்கா கூடக் கத்தலை. ஏதோ ரூமுக்குள்ள கதவைச் சாத்திக்கிட்டுப் பேசற மாதிரியில்ல இருக்கு."

கண் தெரிஞ்ச நான் முப்பது நாப்பது வருஷமா இதைக் கவனிச்சதே இல்லை. ஆறு ஸ்கிரீன்ல ஓடுது, அதனால நம்ம மனசே தண்ணிச் சத்தத்தைப் போட்டுக்குது. காதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு அங்கே ஆறே இல்லை. அந்தக் காக்கா எங்கே போச்சுன்னு கொஞ்ச நாளா நோண்டிக்கிட்டிருந்தேன். அதான் இந்தப் பதிவு. நீளம் கொஞ்சம் அதிகம், மன்னிக்கணும்.

கதை பம்பாயில் ஆரம்பிக்குது. 1931 மார்ச் 14ஆம் தேதி இந்தியாவின் முதல் பேசும்படமான 'ஆலம் ஆரா' வந்தது. எடுத்தவர் இம்பீரியல் கம்பெனியின் அர்தேஷிர் இரானி. அவரோட ஸ்டுடியோ ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இருந்தது. ஊமைப்படம் எடுத்தவரைக்கும் ரயில் போனா யாருக்கு என்ன? மைக் வந்ததும்தான் தலைவலி. ரயில் ஓட்டம் நின்னு ஊர் அடங்கின பிறகு, ராத்திரி ஒரு மணியிலேர்ந்து நாலு மணி வரைக்கும்தான் பல காட்சிகளை எடுத்திருக்காங்க. மைக்கைச் செட்டுக்குள்ளேயே அங்கங்கே ஒளிச்சு வச்சு, நடிகர்களை அதுக்குப் பக்கத்தில் நிக்க வச்சு வசனம் பேச வச்சாங்க. இந்தியப் பேசும்படத்துக்கு ஒலியோட முதல் சண்டையே சுத்துப்புறத்துச் சத்தத்தோடதான்.

அதே இம்பீரியல் கம்பெனி எடுத்ததுதான் நம்ம 'காளிதாஸ்'. ஹெச்.எம்.ரெட்டி இயக்கம், டி.பி.ராஜலட்சுமி கதாநாயகி. 1931 அக்டோபர் 31ல் மெட்ராஸ் கினிமா சென்ட்ரலில் ரிலீஸ். (பிற்பாடு முருகன் டாக்கீஸ்னு பேர் மாறின தியேட்டர்.) ராஜலட்சுமி தமிழ்ல பேச, ஹீரோ தெலுங்குல பதில் சொல்வாராம். யாரும் சண்டைக்குப் போகலை. பம்பாயிலேர்ந்து படப்பெட்டி வந்தப்ப அதுக்குப் பூ போட்டு, தேங்காய் உடைச்சு, ஊர்வலமா எடுத்துட்டுப் போனதாச் சொல்வாங்க. திரை பேசுது, அதுவே பெரிய அதிசயம். என்ன மொழியா இருந்தா என்ன! இப்ப 'ஆலம் ஆரா'வும் இல்லை, 'காளிதாஸ்'ஸும் இல்லை. ரெண்டுக்குமே பிரதி கிடைக்கலை.

இங்கே ஒரு சின்ன ஒப்பீடு. அதே 1931ல் ஜெர்மனியில் ஃப்ரிட்ஸ் லாங் 'எம்'னு ஒரு படம் எடுத்தார். குழந்தைகளைக் கொல்றவன் ஒருத்தன் எப்பவும் ஒரே மெட்டைச் சீட்டியடிச்சிக்கிட்டுத் திரிவான். போலீஸ் தேடுது, ஊரே தேடுது, ஆள் கிடைக்கலை. கடைசியில் அவனை அடையாளம் சொல்றது பலூன் விக்கிற ஒரு கண் தெரியாதவர், அந்தச் சீட்டியை வச்சு. பேசும்பட வித்தை வந்து நாலஞ்சு வருஷத்துக்குள்ள, ஒலியைப் பேசறதுக்கும் பாடறதுக்கும் மட்டும் வச்சுக்காம கதையே அது மேல நிக்கிற மாதிரி ஒருத்தர் யோசிச்சிருக்கார். நாம அந்த வருஷம் பாட்டை எண்ணிக்கிட்டிருந்தோம். குறையாச் சொல்லலை. நம்மகிட்ட மேடை நாடகம் இருந்தது, சங்கீதம் இருந்தது, கம்பெனி நாடகத்துல எட்டுக்கட்டை சுருதியில் பாடறவங்க இருந்தாங்க. மைக் கிடைச்சதும் அவங்களைத்தானே கூப்பிடுவோம்?

சரி, இப்ப எங்க ரோட்டுக்கு வர்றேன்.

நான் இருக்கிறது வானகரம். வீட்டை விட்டு வெளியே வந்தா பூந்தமல்லி ஹைரோடு. மேற்கே திரும்பினா வேலப்பன்சாவடி, பூந்தமல்லி, அப்படியே பெங்களூர். கிழக்கே போனா மதுரவாயல், கோயம்பேடு, கீழ்ப்பாக்கம், சென்ட்ரல். மெட்ராஸிலேயே ஒலியோட படமெடுக்க வசதி வந்த முதல் ஸ்டுடியோ, 1934ல் ஏ.நாராயணன் ஆரம்பிச்ச ஸ்ரீனிவாசா சினிடோன், இதே பூந்தமல்லி ஹைரோட்டில்தான் இருந்தது. அதுக்கு 'சவுண்ட் சிட்டி'ன்னு இன்னொரு பேர். அதுவரைக்கும் தமிழ்ப் பேசும்படம்னா பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ கூட்டமா ரயில் ஏறணும். நாராயணன்தான் அந்த வேலையை இங்கே கொண்டு வந்தார். முதல் படம் 'ஸ்ரீனிவாச கல்யாணம்', 1934. அதுக்கு ஒலிப்பதிவு யார் தெரியுமா? அவர் மனைவி மீனாட்சி நாராயணன். இந்தியாவின் முதல் பெண் ஒலிப்பதிவாளர்னு சொல்றாங்க. 1934ல் ஒரு பெண் ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டு உட்கார்ந்து, "இல்லை, இது சரியா வரலை, இன்னொரு தடவை"ன்னு நடிகர்கள்கிட்ட சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சாலே சந்தோஷமா இருக்கு. ராஜலட்சுமிக்குக் கிடைச்ச பேர்ல பத்துல ஒரு பங்கு கூட இவங்களுக்குக் கிடைக்கலை. இந்த ரோட்டில் தினம் போறவங்களுக்கே தெரியாது. எனக்கும் ரொம்ப நாள் தெரியாது.

அந்தக் காலத்து மெட்ராஸ் ஸ்டுடியோக்களில் பெரிய விளக்குகள் கிடையாது. சூரிய வெளிச்சத்தில்தான் எடுப்பாங்க. மேலே துணி கட்டி வெயிலைக் கொஞ்சம் வடிகட்டிக்குவாங்க, அவ்வளவுதான். திறந்த கூரைன்னா சத்தத்தைத் தடுக்க முடியாது. மத்தியானச் சாப்பாட்டுக்கு இலை போட்டா மெட்ராஸ்ல யார் முதல்ல வருவாங்க? காக்காதான். நாயகி உருகி உருகிப் பாடிக்கிட்டிருக்கும்போது மேலேர்ந்து 'கா கா'. டேக் காலி, ஃபிலிமும் காலி. பாட்டையும் அந்த இடத்துலயே நேரடியாப் பாடின காலம் அது. பக்கவாத்தியக்காரங்க கேமராவுக்குப் படாம மரத்துக்குப் பின்னாடி உட்கார்ந்து வாசிப்பாங்க. ஒரு காக்கா கத்தினா அத்தனை பேரும் முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்.

அதனால காக்கா விரட்டறதுக்குன்னே ஏர்கன்னோட ஒருத்தரை வேலைக்கு வச்சிருந்தாங்க. ஜோக் இல்லைங்க. பழைய சினிமாவைப் பத்தி எழுதறவங்க பலர் இதைச் சொல்லியிருக்காங்க. டைரக்டர் 'ரெடி'ன்னதும் இவர் ஆகாயத்தைப் பார்த்து 'டமால்'. அப்புறம்தான் 'ஸ்டார்ட்'.

எனக்கென்னவோ நம்ம சினிமா ஒலியோட மொத்த வரலாறும் அந்த ஏர்கன்காரர்கிட்டதான் ஆரம்பிக்குதுன்னு தோணுது. பேச்சு வேணும், பாட்டு வேணும், மத்ததெல்லாம் தொந்தரவு, விரட்டு. அன்னிக்கு அது டெக்னிக்கலான கட்டாயம். அப்புறம் கட்டாயம் போயிடுச்சு, பழக்கம் மட்டும் நின்னுபோச்சு.

அடுத்து 1938. ஏவி.மெய்யப்பன் எடுத்த 'நந்தகுமார்'. டி.ஆர்.மகாலிங்கம் சின்னப் பையனாக் கிருஷ்ணன் வேஷத்தில் அறிமுகமான படம். அதில் தேவகியா நடிச்சவங்க பாடினது சரிப்படலை. லலிதா வெங்கட்ராமன் என்கிற பாடகியைப் பாட வச்சு, நடிச்சவங்களை வாயசைக்க வச்சாங்க. தமிழின் முதல் பின்னணிப் பாட்டுன்னு இதைத்தான் சொல்றாங்க. அதுவரைக்கும் உடம்பும் குரலும் ஒரே இடத்துல இருந்தது. இங்கேதான் முதல் தடவையா ரெண்டும் பிரிஞ்சது. அடுத்து அதே மெய்யப்பன் கன்னட 'ஹரிச்சந்திரா'வைத் தமிழில் டப் பண்ணி 1944ல் வெளியிட்டார். இப்ப பேச்சுக் குரலும் பிரிஞ்சாச்சு. செட்டியாருக்கு இதெல்லாம் வியாபாரத் தலைவலிக்கு மருந்து. மருந்து நல்லா வேலை செஞ்சது, அதனால தினசரிச் சாப்பாடாவே ஆயிடுச்சு :-)

ஆனாலும் ஸ்டுடியோ காலத்துல, அதாவது நாற்பதுகள் ஐம்பதுகள்ல, வசனத்தைப் பெரும்பாலும் செட்டுலயே நேரடியாப் பதிவு பண்ணினாங்க. நாலு பக்கமும் சுவர், பெரிய விளக்கு, சத்தம் வெளியே வராம மூடி போட்ட கனமான கேமரா. காக்கா உள்ளே வர வழியில்லை, அதனால ஏர்கன்காரருக்கும் வேலையில்லை. செட்டுல போட்ட ஆத்தங்கரையில் தண்ணிச் சத்தம் எப்படி வரும்? எங்கம்மா சொன்ன 'கதவைச் சாத்தின ரூம்' இதுதான்.

அறுபதுகளுக்கு அப்புறம் கேமரா வெளியே கிளம்பிச்சு. தோள்ல தூக்கிட்டுப் போற சின்ன ஆரிஃப்ளெக்ஸ் கேமராக்கள் வந்தாச்சு. பாரதிராஜாவோட '16 வயதினிலே' (1977) வந்தப்ப 'சினிமா கிராமத்துக்குப் போயிடுச்சு'ன்னு எல்லாரும் எழுதினாங்க. உண்மைதான். ஆனா அந்த ஆரிஃப்ளெக்ஸ் ஓடும்போது போடற சத்தம் இருக்கே, தையல் மெஷின் தோத்துப் போகும். பக்கத்துல பேசற வசனம் பதிவாகாது. அதனால ஷூட்டிங்கில் எடுக்கிற ஒலி சும்மா அடையாளத்துக்கு. அதைக் கேட்டுக்கிட்டே மெட்ராஸ்ல டப்பிங் தியேட்டர்ல திரும்பப் பேசிக்குவாங்க. கண்ணு கிராமத்துக்குப் போச்சு, காது கோடம்பாக்கத்தை விட்டு நகரலை. வயக்காட்டுல ஓடி வந்து மூச்சிரைக்கப் பேசற பொண்ணோட குரல், ஏசி ரூம்ல தண்ணி குடிச்சிட்டு நிதானமா மைக் முன்னாடி நின்ன வேற ஒரு அம்மாவோட குரல். தூரத்துல நிக்கிறவனும் காதுகிட்ட பேசறான், பக்கத்துல நிக்கிறவனும் காதுகிட்ட பேசறான்.

அப்ப காக்கா? லைப்ரரியிலேர்ந்து வரும். ஒரே காக்கா, ஒரே நாய், ஒரே ஆந்தை. பேய்ப் படத்துல வர்ற அந்த நரி ஊளையை எத்தனை படத்துல கேட்டிருப்போம்! பாவம், அது எந்தக் காலத்து நரியோ.

இதுல ஒரு வார்த்தையைக் கவனிங்க. 'ரீ-ரெக்கார்டிங்'. வசனம், சத்தம், இசை எல்லாத்தையும் ஒண்ணாக் கலந்து கடைசியாப் பதிவு பண்ற வேலைக்குத்தான் அந்தப் பேர். நம்ம ஊர்ல 'ஆர்.ஆர்.'னு சொன்னா என்ன அர்த்தம்? பின்னணி இசை. அவ்வளவுதான். 'படத்துல ஆர்.ஆர். சூப்பர்'னா மியூசிக் டைரக்டர் பிரமாதம்னு அர்த்தம். மத்த ரெண்டும் அந்த வார்த்தைக்குள்ளேர்ந்து எப்ப இறங்கிப் போச்சுன்னு யாருக்கும் தெரியாது.

கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கிறேன். விவித பாரதியில் ஒலிச்சித்திரம் போடுவாங்க, ஞாபகம் இருக்கா? முழுப்படத்தோட ஒலியை வெட்டி ஒரு மணி நேரமாச் சுருக்கி, நடுநடுவே அறிவிப்பாளர் ரெண்டு வரி சொல்லி ஒட்ட வைப்பார். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கிட்டே மொத்தப் படத்தையும் 'பார்த்துடுவாங்க'. 'திருவிளையாடல்' தருமி வசனத்தை ரெக்கார்டு போட்டே மனப்பாடம் பண்ணின தலைமுறை அது. 'விதி' (1984) கோர்ட் சீன் கேசட் ஓடாத டீக்கடை உண்டா? கல்யாண வீட்டுல குழாய் ஸ்பீக்கர் கட்டி, பந்தி நடக்கும்போது வக்கீல் வாதாடுவார், நாம கூட்டு பொரியல் சாப்பிட்டுக்கிட்டிருப்போம்.

உலகத்துல வேற எங்கேயாவது படத்தைக் கண்ணை மூடிக்கிட்டுப் பார்க்க முடியுமா சொல்லுங்க? நம்ம படங்க முடியும், ஏன்னா எல்லாத்தையும் வாயாலயே சொல்லிடுவாங்க. டூரிங் டாக்கீஸ்ல ஒரு பக்கம் ஜெனரேட்டர், ஒரு பக்கம் முறுக்கு விக்கிற பையன், முன்னாடி மணல் தரையில் குழந்தை அழுவுது. மெல்லிய சத்தம் எதுவும் அங்கே பிழைக்காது, வசனம் அத்தனையையும் தாண்டிக் கேக்கணும். அதனால 'தமிழ்ப் படத்துல கத்தறாங்க'ன்னு குறை சொல்றவங்களோட எனக்கு முழு ஒப்புதல் இல்லை. கத்தினதாலதான் எங்கம்மா மாதிரி ஆளுங்களுக்கு இன்னிக்கும் படம் கிடைக்குது. அந்தம்மா கேட்டது வேற. யார் பேசறா, என்ன பேசறான்னு தெரியுது. எங்கேன்னுதான் தெரியலை.

இந்த மொத்தக் கதையிலும் தனியா நிக்கிற படம் ஒண்ணு, 'அந்த நாள்' (1954). ஏவி.எம். தயாரிப்பு. எஸ்.பாலசந்தர் இயக்கம், ஜாவர் சீதாராமன் திரைக்கதை வசனம். பாட்டே இல்லை. முதல் காட்சியிலேயே ஒரு துப்பாக்கிச் சத்தம். ஹீரோ சிவாஜி செத்து விழறார். பக்கத்து வீட்டு சின்னையா அந்தச் சத்தத்தைக் கேட்டுட்டுப் போலீசுக்கு ஓடறார். சத்தத்தைக் கேட்ட ஆள் இருக்கார், சுட்டதைப் பார்த்த ஆள் இல்லை. அங்கேர்ந்து ஆளாளுக்கு ஒரு கதை சொல்றாங்க. 1943ல் மெட்ராஸ் மேல ஜப்பான் குண்டு போட்ட காலத்துக் கதை. செத்தவன் ரேடியோ இன்ஜினியர், எதிரிக்கு ரகசியம் சொல்றவன். யோசிச்சுப் பாருங்க, கதையே காதைச் சுத்தித்தான் இருக்கு. இத்தனைக்கும் எடுத்தவர் வீணை வித்வான். பாட்டுப் போடத் தெரியாம விடலை, வேணாம்னு விட்டார். பாட்டு வந்தா ஜனங்க மூச்சு விட்டுக்குவாங்க, மூச்சு விட இடம் கொடுக்கக் கூடாதுன்னு நினைச்சிருப்பார்னு நான் நினைக்கிறேன்.

வந்தப்ப படம் பெரிசா ஓடலை. பாட்டு இல்லைன்னு தியேட்டர்ல கோபப்பட்டிருக்காங்க. அதுக்கு மறுவருஷம்தான் வங்காளத்துல ராயோட 'பதேர் பாஞ்சாலி' வந்தது. மகள் செத்த விஷயத்தைச் சொல்ல முடியாம அந்த அம்மா உடைஞ்சு அழற இடத்துல அழுகைச் சத்தமே இருக்காது, பதிலா ஒரு தார் ஷெனாய் கதறும். அஞ்சு வருஷம் கழிச்சு 1960ல் ரித்விக் கட்டக் 'மேகே டாகா தாரா'வில், காதலன் வீட்டுல தன் தங்கச்சியே இருக்கிறதைத் தெரிஞ்சுக்கிட்டு இறங்கி வர்ற பொண்ணு மேல சாட்டையடிச் சத்தத்தைப் போட்டார். படத்துல சாட்டையே கிடையாது! அங்கே ஒரு தொடர்ச்சி இருந்தது. நம்ம ஊர்ல 'அந்த நாள்' ஒரு தனித் தீவு. பாலசந்தரும் பிற்பாடு சினிமாவை விட்டு வீணையோட போயிட்டார்.

எழுபதுகளின் கடைசியில் மகேந்திரன் வந்தார். 'முள்ளும் மலரும்' (1978), 'உதிரிப்பூக்கள்' (1979). அவர் காக்காவைக் கூட்டி வரலை, ஆனா வசனத்தை வெளியே அனுப்பினார். பேச்சைக் குறைச்சதும் இடத்துக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. பாலு மகேந்திராவோட 'வீடு' (1988) அடுத்த படி. பாட்டு இல்லை. இளையராஜா தனியாப் போட்ட 'ஹவ் டு நேம் இட்' ஆல்பத்துலேர்ந்து எடுத்துத்தான் பின்னணி இசை. கட்டி முடிக்காத வீட்டைத் தாத்தா தனியா வந்து தடவித் தடவிப் பார்க்கிற இடம் மறக்கவே மறக்காது. வீடு கட்டினவங்களைக் கேளுங்க, ஜல்லி கொட்டற சத்தம் கேட்டாலே வயித்தைக் கலக்கும்.

டெக்னாலஜி பக்கம் கடகடன்னு போயிடறேன். 1986ல் ரஜினியோட 'மாவீரன்' தமிழின் முதல் 70 எம்.எம்., ஆறு டிராக் ஸ்டீரியோ. 1995ல் 'குருதிப்புனல்' டால்பியோட வந்தது. அப்புறம் டி.டி.எஸ். தியேட்டர் போர்டுல படத்துப் பேரை விட 'டி.டி.எஸ்.' பெரிசா எழுதின காலம் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். இப்பதான் முதல் தடவையா ஒரு சத்தம் எங்கேர்ந்து வருதுன்னு காட்ட முடிஞ்சது. முன்னாடி, பின்னாடி, இடது, வலது. அதை வச்சு நாம முதல்ல என்ன பண்ணினோம்? ஹீரோ தலையைத் திருப்பினா 'விஷ்க்'. விரலைச் சுழட்டினா 'விஷ்க்'. துண்டை உதறினா ஏரோப்ளேன் போற சத்தம்!

விதிவிலக்கு உண்டு. ஹெச்.ஸ்ரீதர்னு ஒரு ஒலிப்பதிவாளர். ஏ.ஆர்.ரஹ்மான் பாட்டுகளோட துல்லியத்துக்கு அவர் கையும் ஒரு காரணம். 'தில் சே', 'லகான்', 'கன்னத்தில் முத்தமிட்டால்' மூணுக்கும் ஒலிப்பதிவில் தேசிய விருது. 2008 டிசம்பர்ல சின்ன வயசுலயே போயிட்டார். அதுக்கு ரெண்டு மூணு மாசம் கழிச்சு ரசூல் பூக்குட்டி 'ஸ்லம்டாக் மில்லியனர்'க்கு ஆஸ்கர் வாங்கினப்பதான் நம்ம பத்திரிகைகள் 'ஒலி வடிவமைப்புன்னா என்ன?'ன்னு பெட்டிச் செய்தி போட்டாங்க.

அதுக்கும் முன்னாடியே கமல் 'விருமாண்டி'யில் (2004) ஸ்பாட்டிலேயே நேரடி ஒலிப்பதிவு பண்ணியிருந்தார். ஊர்க் கூட்டம், ஆளாளுக்குக் குறுக்கே பேசறது, மூச்சு, தொண்டை கமர்றது எல்லாம் அந்த இடத்துலேர்ந்தே வந்தது. ஒரே சம்பவத்தை ரெண்டு பேர் ரெண்டு விதமாச் சொல்ற கதை, 'அந்த நாள்' மாதிரியே. தற்செயலாக்கூட இருக்கலாம்.

நேரடி ஒலிப்பதிவு ஏன் இன்னும் எல்லாரும் பண்றதில்லைன்னு கேட்டா, ஒரு தடவை எங்க மொட்டைமாடிக்கு வாங்க. போன வாரம் செல்ஃபோன்ல ரெக்கார்டரைப் போட்டுட்டுக் காலையில் நாலரை மணிக்கு உட்கார்ந்தேன். மீன் மார்க்கெட் வண்டிகள். பைபாஸ்ல லாரி ஏர் ஹாரன். மீனம்பாக்கம் போற விமானம். யார் வீட்டுலயோ சுப்ரபாதம், கொஞ்ச நேரத்துல பாங்கு, அப்புறம் தண்ணி மோட்டார். அஞ்சே முக்காலுக்குத்தான் காக்கா. இதுல எந்த நடிகர் காதல் வசனம் பேசறது? 1934ல் இதே ரோட்டில் காக்கா மட்டும் இருந்ததுக்கே ஏர்கன் தேவைப்பட்டிருக்கு.

அந்த ஒண்ணேகால் மணி நேரத்தைத் திரும்பக் கேட்டப்ப ஒண்ணு உறைச்சது. அறுபது எழுபதுகள்ல மெட்ராஸைச் சுத்தி எடுத்த அவுட்டோர் காட்சிகள் எவ்வளவோ இருக்கு. ரோடு, புளியமரம், ஏரி, மாட்டு வண்டி எல்லாம் கண்ணுக்குக் கிடைக்குது. ஆனா அந்த ரோட்டோட சத்தம் ஒண்ணுகூட இல்லை. எல்லாத்து மேலயும் கோடம்பாக்கத்துச் சத்தம்தான் ஏறி உட்கார்ந்திருக்கு. எங்க பக்கத்துல ஏரி நிரம்பினா ராத்திரி முழுக்கத் தவளை கத்துமாம், தூங்க முடியாதாம். அம்மா கல்யாணமாகி வந்த புதுசுல. அதை யாரும் பதிவு பண்ணலை. இனிமே பண்ணவும் முடியாது.

போன வாரம் அம்மாவுக்கு 'கொட்டுக்காளி' போட்டேன். பி.எஸ்.வினோத்ராஜ் படம், 2024. அதில் பின்னணி இசையே கிடையாது, மொத்தமும் நேரடி ஒலி. கதாநாயகி மீனா படம் முழுக்கக் கிட்டத்தட்ட ஒண்ணுமே பேச மாட்டா. சூரிக்குத் தொண்டை கட்டி, சுண்ணாம்பு தடவிக்கிட்டுக் கரகரன்னு பேசறார். வசனத்தை நம்பிப் படம் கேட்கிற ஒருத்தங்களுக்கு இதைப் போடறோமேன்னு எனக்கே பயம். நடுநடுவே நான் சொல்லிக்கிட்டு வரலாம்னு பக்கத்துலயே உட்கார்ந்தேன்.

பத்து நிமிஷத்துல, "நீ சும்மா இரு"ன்னாங்க.

ஷேர் ஆட்டோ ஸ்டார்ட் ஆகுது, நிக்குது, பின்னாடி வண்டிங்க வருது. "வெட்டவெளிடா. மரம் அதிகம் இல்லை, காத்து சும்மா அடிக்குது பாரு." கொஞ்ச நேரம் கழிச்சு, "சேவலைக் கட்டி வச்சிருக்காங்களா? றெக்கை அடிச்சுக்குதே." அப்புறம் ரொம்ப நேரம் பேசலை. பாதிப் படத்துக்கு மேல போனப்ப கேட்டாங்க.

"அந்தப் பொண்ணு எங்க உட்கார்ந்திருக்கா?"

"ஆட்டோவுலம்மா. சேவல் பக்கத்துல."

"பேசவே மாட்டேங்குறாளே."

"ஆமாம்மா."

"பேசலைன்னா என்ன. இருக்கா, தெரியுது"ன்னுட்டு, கரண்ட் போறதுக்குள்ள முடிச்சிடலாம், சவுண்டைக் கொஞ்சம் கூட வைன்னாங்க.